சுண்டுவிரலில் தொடங்கினாள்

“இடது கையத் தூக்குண்ணே! தூக்குங்கேன்லா!”

நாறும்பூநாதன் போட்ட சத்தத்தில் குற்றாலம் ஐந்தருவி ரோட்டுச் சந்தே காலைச் சாப்பாட்டுத் தட்டோடு வாசலுக்கு வந்துவிட்டது. நாற்காலியில் இருந்த அவன் அண்ணன் இசக்கிமணி கண்ணைச் சிமிட்டினாரே தவிர, கையைத் தூக்கவில்லை.

“எல்லாரும் பாத்துக்கிடுங்க. மூளை போயிட்டு! எண்ணெய் தேய்க்க இந்த ரூமை வச்சு இவரு இனி என்ன செய்யப் போறாரு? எம்பேருக்கு எழுதச் சொன்னா மைனி மல்லுக்கு நிக்கா.”

“மூளை யாருக்குப் போச்சுன்னு ஊருக்குத் தெரியும்,” என்றாள் இசக்கிமணியின் மனைவி ஜோதிலட்சுமி. “ஏங்க, எண்ணெய் பாட்டில் எங்க?”

இசக்கிமணி உடனே அலமாரியைக் காட்டினார்.

முப்பது வருஷம் பேரருவிக்கு வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்த கை. மாசியில் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. கூடவே ஒரு கோளாறு. பொருளின் பேரைச் சொன்னால் உடனே விளங்கும். தூக்கு, பிடி, ஓடு என்றால் மட்டும் சாரலில் நனைந்த தீக்குச்சிதான். நாலைந்து தடவை உரசினால்தான் பற்றும். தென்காசியிலிருந்து உடற்பயிற்சி கொடுக்க வரும் முஹ்ஸினா விளக்கமாகவே சொல்லியிருந்தாள்:

“அக்கா, கைகாலை அசைக்குத மூளை, அசைவைச் சொல்லுத வார்த்தைய விளங்கிக்கிடவும் ஒத்தாசை பண்ணுமாம். அண்ணாச்சிக்கு அங்கனதான் அடி. அவங்க கையப் பிடிச்சு அந்த வேலையச் செய்ய வச்சிக்கிட்டே சொல்லுங்க.”

சந்து இதைக் கேட்டுச் சிரித்தது. ஜோதிலட்சுமி நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? அவர்கள் குடியிருப்பதே அந்த ரூமுக்குப் பின்னால்தான். ரூம் போனால் தலைக்கு மேல் கூரையும் போகும்.

அலமாரியைக் காட்டியதும் சந்தில் நாலு பேர் சிரித்துவிட்டார்கள். நாறும்பூநாதனுக்கு அது பொறுக்கவில்லை. சீசனுக்கு அவன் போட்டிருக்கும் பழக்கடை பக்கத்திலேயே இருந்தது. பலாப்பழம் பிளக்கிற கத்தியை எடுத்துக்கொண்டு வந்தான்.

“வெட்டிருவேன்! ரெண்டு துண்டா வெட்டிருவேன்!”

இசக்கிமணி புன்னகைத்தார். அதை வீரம் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அந்த வார்த்தை அவருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை என்பது ஜோதிலட்சுமிக்குத்தான் தெரியும். புன்னகையைப் பார்த்த தம்பி கத்தியை ஓங்கிவிட்டான்.

“குனியும்வே! ஓடும்வே!” தட்டை வைக்காமலேயே ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்.

“கத்தி! கழுத்து!” என்று அலறினாள் ஜோதிலட்சுமி.

கழுத்து உள்ளே இழுத்துக்கொண்டது. கத்தி பாதிக் காதைச் சீவிக்கொண்டு தோளில் இறங்கியது. வேட்டியெல்லாம் ரத்தம். நாறும்பூநாதன் மறுபடி ஓங்கினான். அப்போது எழுந்தது அந்த இடது கை. எத்தனையோ ஆயிரம் மணிக்கட்டுகளை அமுக்கிய கட்டைவிரல், கண் தேடாமலே தம்பியின் மணிக்கட்டு நரம்பைப் பிடித்தது. கத்தி விழுந்தது. பிடி தளரவில்லை.

“விடுண்ணே! ஐயோ, விடு!”

இசக்கிமணி தூரத்துப் பாட்டைக் கேட்கிறவர் மாதிரி தம்பியின் முகத்தையே பார்த்தார். எலும்பு முறிந்த சத்தம் டீக்கடை வரைக்கும் கேட்டது.

ஜோதிலட்சுமி வந்தாள். “விடுங்க,” என்று சொல்லிக்கொண்டே அவர் விரல்களைப் பிரித்தாள். சுண்டுவிரலில் தொடங்கினாள். ஒவ்வொரு விரலுக்கும் ஒரு “விடுங்க.” நடுவிரலுக்கு வரும்போது இரண்டாவது எலும்பும் போனது.

இறுகிய பிடியை விடுவிக்கக் கட்டைவிரலில் தொடங்கும்படிதான் முஹ்ஸினா சொல்லிக்கொடுத்திருந்தாள். பிறகு ஏன் சுண்டுவிரல் என்று எதிர்வீட்டுச் சொக்கம்மாள் விடாமல் கேட்டுப் பார்த்தாள்.

“அவசரத்துல தோணலக்கா,” என்றாள் ஜோதிலட்சுமி. அன்றைக்கு அவள் அவசரப்பட்டதாக யாருக்கும் ஞாபகமில்லை.

போலீஸ் வந்தது. அண்ணன் வேண்டுமென்றே கையை முறித்தார் என்று எழுதிக் கொடுக்க நாறும்பூநாதனால் முடியவில்லை. மூளை போயிட்டு என்று சந்தையே சாட்சிக்குக் கூப்பிட்டவன் அவன்தானே! இரண்டு பக்கமும் சமாதானம் எழுதிக் கொடுத்தார்கள். ரூம் இசக்கிமணி பெயரிலேயே இருக்கிறது. மற்ற வார்த்தைகள் இன்னும் தாமதம்தான். “விடுங்க” மட்டும் இப்போது முதல் தடவையிலேயே விளங்குகிறது.

நாறும்பூநாதன் புளியங்குடியில் மாமனார் வீட்டோடு போய், எலுமிச்சை மண்டியில் இடது கையால் காய் பொறுக்குகிறான். முஹ்ஸினா கடையநல்லூர் மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு ஷார்ஜா போய்விட்டாள்.