அழகர்சாமி மனைவி ஒச்சாயி

யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம். வாய்க்கால் தண்ணீர்ச் சண்டையில் ஒச்சாயிக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை அறுந்திருந்தது. அவளுடைய முதல் இரண்டு பிள்ளைகளும் பிறந்த ஒரு வாரத்துக்குள் வாய் இறுகி, பால் குடிக்க முடியாமல் போய்ச் சேர்ந்தன. மூன்றாவது வயிற்றில் இருந்தது. பகையாளிதான், ஆனாலும் அந்த வயிற்றைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

ஒருநாள் மேலூர்த் தபால்காரர் என் வாசலில் நின்று, மாதர் பத்திரிகை ஒன்றை நீட்டி, விலாசத்தை உரக்கப் படித்தார். "அழகர்சாமி மனைவி ஒச்சாயி."

எனக்கு ஆத்திரம் உச்சிக்கு ஏறிவிட்டது. அது என் வீட்டுக்காரர் பேர்! ஊரில் அந்தப் பேருக்கு வேறு ஆளே கிடையாது. மனுஷன் சிவனே என்று வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். அவரை ஒரு பிடி பிடித்துவிட்டு, ஒச்சாயி வீட்டுக்குப் பாய்ந்தேன்.

"ஏண்டி, எம்புட்டு நாளா நடக்குது இந்தக் கூத்து?"

அவள் திருதிருவென்று விழித்தாள். சத்தம் கேட்டு மிஷன் பள்ளிக்கூடத்து ஆனிமேரி டீச்சர் ஓடி வந்தார். நடவுப் பெண்களுக்கு மாதாமாதம் இந்தப் பத்திரிகையை வாசித்துக் காட்டுகிறவர். ஒச்சாயி உட்காருகிற இடமென்று நான் மட்டும் போவதில்லை.

விலாசத்தைப் பார்த்ததும் டீச்சர் தலையில் கை வைத்தார். "அன்னக்கொடி, தப்பு என்னுது. இதுல டாக்டரம்மாகிட்ட கேள்வி கேக்கலாம். ஒச்சாயிக்காக எழுதிப் போட்டேன். வீட்டுக்காரர் பேரக் கேட்டா, அழகர்கோயில்ல இருக்குற சாமி பேருன்னா."

"வாசல்ல காவலுக்கு நிக்கிற சாமின்னேனே டீச்சர்!" என்று அழுதாள் ஒச்சாயி.

காவலுக்கு நிற்கிற சாமி கருப்பு; ஒச்சாயி புருஷன் பேரும் அதுதான். டீச்சரோ திருநெல்வேலிப் பக்கத்து வேதக்காரர். அவருக்கு அழகர்கோயில் என்றால் அழகர்தான். புருஷன் பேரை எந்தப் பொம்பளை வாய்விட்டுச் சொல்வாள்? நானே சொன்னதில்லை. என் கோபம் பொசுக்கென்று போய்விட்டது.

"அப்படி என்னடி கேட்ட?"

"எம் பிள்ளைக ஏன் சாகுதுன்னு."

டீச்சர் பதிலை வாசித்தார். தொப்புள்கொடியை அரிவாளால் அறுத்துச் சாணிச் சாம்பல் வைப்பதால் ஏறுகிற விஷமாம். கொதிநீரில் போட்டெடுத்த கத்தி, கொதிக்கவைத்த துணி, வேறெதுவும் வேண்டாமாம்.

ஒச்சாயிக்கு வலி கண்ட அன்று மருத்துவச்சி அரிவாளோடுதான் வந்தாள். நான் வாசலை மறித்தேன்.

"அத வெளிய வச்சுட்டு உள்ள போ ஆத்தா. கத்தி வெந்நியில கெடக்கு."

அவள் என் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினாள். நான் அசையவில்லை.

ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. வாரம் கழிந்தது. பையன் முட்டி முட்டிப் பால் குடித்தான். அதைப் பார்த்து நானும் ஒச்சாயியும் கட்டிக்கொண்டு அழுதோம்.

டீச்சர் காகிதத்தோடு வந்தார். "பத்திரிகைய மாசாமாசம் உன் பேருக்கே அனுப்பச் சொல்லி எழுதப் போறேன். இந்தத் தடவையாவது பேரத் தெளிவாச் சொல்லு ஒச்சாயி."

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"அது எதுக்கு டீச்சர்? பழைய விலாசமே இருக்கட்டும். இவ தூக்கிட்டு ஓடியாந்துருவா."