மொட்டையனின் கிளைமாக்ஸ்

என் புத்தகத்தைப் படமாக எடுக்கப்போவதாக டைரக்டர் சுசித்ரா மொரப்பூரில் என் வீட்டுக்கு வந்து சொன்னபோது, அதைப் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள் என்று நம்பினேன். அறுபத்தேழு வயதில் ஒரு மனுஷன் இவ்வளவு அப்பாவியாக இருக்கக் கூடாது. படித்தாளாம், மூன்றாம் வகுப்பில், பள்ளிக்கூட நூலகத்தில். இன்னொரு தடவை புரட்டிப் பார்க்க நேரம் கிடைக்கவில்லையாம். திரைக்கதையை மட்டும் பதினோரு தடவை எழுதிவிட்டாளாம்.

புத்தகத்தின் பெயர் ‘சிலுப்பாத கிடா’. படங்களோடு சேர்த்து நாற்பத்தெட்டுப் பக்கம். நான் எழுத்தாளன் இல்லை. அரூரிலிருந்து சித்தேரி மலைக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். வாழ்க்கையில் எழுதியது அது ஒன்றுதான். அது என்னமோ பிள்ளைகளுக்குப் பிடித்துப்போய், முப்பது வருஷமாக அச்சில் இருக்கிறது. அப்பா அம்மாவாகிவிட்டவர்கள் இன்றைக்கும் என்னை ரயில்வே ஸ்டேஷனில் பார்த்தால் தங்கள் பிள்ளையிடம், “மொட்டையன் கதை எழுதின தாத்தா இவருதான்” என்று காட்டுவார்கள். நானும் பெரிய மனுஷன் மாதிரி தலையை ஆட்டுவேன்.

படிக்காதவர்களுக்குக் கதையைச் சொல்லிவிடுகிறேன். மலையில் காவேரி என்று ஒன்பது வயதுப் பெண். அவள் வளர்த்த கொம்பில்லாத கிடா மொட்டையன். அவள் அப்பா அதைக் காளிக்கு நேர்ந்துவிட்டிருந்தார். எங்கள் பக்கம் கிடாவை அப்படியே வெட்டிவிட மாட்டார்கள். மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டுக் காத்திருப்பார்கள். கிடா உடம்பைச் சிலுப்பினால் சாமி ஏற்றுக்கொண்டதாக அர்த்தம், வெட்டலாம். சிலுப்பவில்லை என்றால் கத்தியைத் தொடக்கூடாது. மற்ற ஊர்களில் அந்த நேரத்தில் மேளம் அடிப்பார்கள். காவேரியின் ஊரில் மேளத்தைக் கீழே வைத்துவிடுவார்கள், குழந்தை அழுதால்கூட தூரமாகத் தூக்கிப் போய்விடுவார்கள். கிடா தானாகச் சிலுப்ப வேண்டும், யாரும் அதைத் தூண்டிவிடக் கூடாது என்பது அவர்கள் கட்டுப்பாடு. என் கதையில் மொட்டையன் காலையிலிருந்து சாயங்காலம் வரை அசையாமல் நிற்கிறது. கடைசியில் ஊரே எழுந்துபோக, காவேரி அதைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள். ‘இது உண்மைச் சம்பவம்’ என்று முன்னுரையில் எழுதியிருந்தேன்.

சுசித்ரா தங்கமான பெண். ஒவ்வொன்றையும் மாற்றுவதற்கு முன்னால் போன் பண்ணி, “அங்கிள், உங்க ஆசீர்வாதம் வேணும்” என்பாள். மொட்டையன் என்ற பெயர் குழந்தைகளின் மனதைப் புண்படுத்தும் என்று ‘ஜாலி’ ஆக்கினாள். ஆசீர்வதித்தேன். காவேரிக்கு லண்டனில் ஒரு மாமா வேண்டும் என்றாள், வெளிநாட்டு வியாபாரத்துக்கு. ஆசீர்வதித்தேன். குடும்பப் படத்தில் வெட்டு குத்து ஆகாது என்பதால் பலி கிடையாது, அதற்குப் பதிலாக ‘ஆட்டுக் குளியல் திருவிழா’ என்றாள். அப்படி ஒரு திருவிழா எந்த மலையில் நடக்கிறது என்று கேட்டேன். “படம் வந்தப்புறம் நடக்கும் அங்கிள்” என்றாள். அவள் சொன்னால் நடந்தாலும் நடக்கும்.

கடைசியில்தான் கிளைமாக்ஸுக்கு வந்தாள். ஜாலி மேல் எல்லோரும் தண்ணீர் ஊற்றுகிறார்கள். ஜாலி உடம்பைச் சிலுப்புகிறது, மெதுவாக, ஸ்லோ மோஷனில். தண்ணீர் தெறித்து அதில் ஒரு வானவில் தெரிகிறது. ஊரே ஆடிப் பாடுகிறது.

அன்றைக்குத்தான் முதல்முறையாக ஆசீர்வாதம் இல்லை என்றேன். பெயரை மாற்று, லண்டனில் மாமா அத்தை எல்லாரையும் குடிவை, ஆனால் கிடா சிலுப்பக் கூடாது. புத்தகத்தின் பெயரே அதுதானே என்று கெஞ்சினேன். இந்த ஜில்லாவில் எந்தப் பிள்ளையாவது தியேட்டரில் கிடா சிலுப்புவதைப் பார்த்தால் அடுத்து கத்தி வரப்போகிறது என்று அலறும் என்றேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சும்மா நிற்கிற ஹீரோவை ஆடியன்ஸ் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள் என்றாள். முப்பது வருஷம் ஓடும் பஸ்ஸில் நின்றே பிழைத்தவனிடம் வந்து, நிற்பது ஒரு காரியமே இல்லை என்கிறாள்.

ஷூட்டிங்கைத் தடுக்க எனக்கு எந்த அதிகாரமும் இல்லை, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாகிவிட்டது. ஆனால் அந்த முடிவு போய்விட்டால் எனக்கென்று எதுவும் மிச்சமில்லை. அதனால் கிளைமாக்ஸ் எடுக்கிற அன்று காலை முதல் பஸ்ஸைப் பிடித்து மலையேறினேன்.

காவேரியின் ஊரிலேயே, அதே காளி கோயில் முன்னாலேயே எடுத்துக்கொண்டிருந்தார்கள். கோயிலுக்கு ஊதா வண்ணம் அடித்திருந்தார்கள். சென்னையிலிருந்து ஏசி வேனில் வந்த ஜாலி நடுவில் நின்றது. கொம்பில்லாத கிடா கிடைக்காததால் கொம்பை கம்ப்யூட்டரில் எடுத்துவிடுவார்களாம். மலைக்காரர்கள் நாற்பது பேரைக் கும்பலுக்கு நிறுத்தி, பளபளவென்று ஏதோ உடுத்தி விட்டிருந்தார்கள். சாமை அறுப்பை விட்டுவிட்டு வந்தவர்கள், என்ன ஏதென்று கேட்காமல் வெயிலில் நின்றார்கள்.

தண்ணீர் ஊற்றினார்கள். ஜாலி சிலுப்பவில்லை. துடைத்துவிட்டு மறுபடியும் ஊற்றினார்கள். ஜாலி அசை போட்டது. ஏழு டேக் ஆயிற்று. உதவி இயக்குநர் அன்பு என்ற பையன், மலைக்காரர்களைக் கைதட்டச் சொன்னான், கத்தச் சொன்னான். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கிடா மேல் தண்ணீர் பட்டதும் நாற்பது பேரும் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றார்கள். சம்பளம் கொடுத்துக் கூட்டி வந்த கும்பல் இப்படி ஊமையாக நிற்கிறதே என்று அன்பு தலையில் அடித்துக்கொண்டான். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. பதினோரு தடவை எழுதினவளுக்குப் புரியாதது அந்த ஆட்டுக்குப் புரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இதுதான் சமயம் என்று கும்பலில் காவேரியைத் தேடினேன். நாற்பது வயதுக்காரி, நெற்றியோரம் நரைத்திருந்தது, இரண்டாவது வரிசையில் நின்றாள். கையைப் பிடிக்காத குறையாக அழைத்துப்போய் சுசித்ரா முன்னால் நிறுத்தினேன். கதையில் வருகிற காவேரி இவள்தான், கிடாவை வளர்த்தவளே இவள்தான், என் பேச்சை நம்பாவிட்டால் இவளைக் கேள் என்றேன். சுசித்ராவுக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே ஒரு செல்ஃபி எடுத்தாள்.

“சொல்லும்மா” என்றேன். “மொட்டையன் சிலுப்பலன்னு இந்தப் பொண்ணுகிட்ட சொல்லு.”

காவேரி என்னைப் பார்க்கவில்லை. சுசித்ராவைப் பார்த்துச் சொன்னாள்.

“சிலுப்புச்சுங்க.”

அவளே தொடர்ந்தாள்.

“மத்தியானம் வரைக்கும் சிலுப்பாமத்தான் நின்னுச்சு. எங்கப்பனே போதும், அவுத்து வுட்ரலாம்னு சொல்லிட்டாரு. அப்பதான் கண்டக்டரு ரோட்டுல நின்னு விசில் ஊதுனாரு. அது பயந்து ஒடம்ப சிலுப்பிக்கிச்சு. வெட்டிட்டாங்க.”

உண்மை அதுதான். பஸ்ஸில் வந்த சனமெல்லாம் கோயில் முன்னால் நின்றுகொண்டிருந்தது. டிரிப் நாற்பது நிமிஷம் தாமதம். கீழே டிப்போவில் எனக்கு ஏற்கெனவே ஒரு மெமோ இருந்தது. அங்கே என்ன நடக்கிறது, ஏன் எல்லோரும் வாயைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள் என்று எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் ஊதினேன். இரண்டு ஊது. குலவைச் சத்தம் கேட்டது, பத்து நிமிஷத்தில் பஸ் நிறைந்தது. அந்தச் சின்னப் பெண் மட்டும் ரோட்டோரத்தில் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அடுத்த வருஷம் அந்தப் புத்தகத்தை எழுதினேன். முதல் பிரதியை அவளுக்குத்தான் கொடுத்தனுப்பினேன். பெரிய பரிகாரம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு. அவள் அதற்குப் பிறகு என் பஸ்ஸில் ஏறவே இல்லை, எனக்கு மாற்றல் வரும்வரை அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்துதான் போனாள். கூட்டம் அதிகம் என்பதால் இருக்கும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். ரகசியம் என்று நான் முப்பது வருஷம் பொத்தி வைத்திருந்தது அந்த நாற்பது பேருக்கும் தெரியும் என்று இப்போதுதான் தெரிகிறது.

சுசித்ராவின் முகம் மலர்ந்தது. அப்படியென்றால் நம்ம கிளைமாக்ஸ்தான் ஒரிஜினல், இல்லையா அங்கிள் என்றாள். புத்தகத்தைவிடப் படம் உண்மைக்கு நெருக்கமாக இருப்பதை பேட்டிகளில் சொல்லலாம் என்று அன்புவிடம் குறித்துக்கொள்ளச் சொன்னாள்.

காவேரி கேட்டாள், “சிலுப்புனதும் உங்க படத்துல என்னங்க ஆவும்?”

எல்லோரும் டான்ஸ் ஆடுவார்கள் என்றாள் சுசித்ரா.

“வெட்ட மாட்டீங்களா?”

ஐயோ அக்கா, இது ஃபேமிலி படம் என்று சுசித்ரா சிரித்தாள். காவேரிக்குச் சிரிப்பு வரவில்லை. என் பக்கம் திரும்பினாள். முப்பது வருஷத்தில் என்னிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது.

“நீங்க விசில் ஊதுனதக்கூட வுட்டுட்டேனுங்க. உங்களுக்கு வண்டிய எடுக்கோணும். ஆனா அதுக்கு உசுரு குடுத்து எழுதிப்புட்டீங்க. பள்ளிக்கூடத்துல என்னைய எழுப்பி நிக்கவெச்சு கைதட்டுனாங்க. மொட்டையன் என்ன பண்ணுதுன்னு வர்ற பசங்கெல்லாம் கேக்கறாங்க. நல்லா இருக்குதுன்னு சொல்லிக்கிட்டே இருக்கறன். அது செத்துப்போச்சுன்னு ஒருநாளும் என்னால அழ முடியலீங்க.”

மன்னித்துக்கொள் என்றேன். அது அவளுக்குக் கேட்டதா தெரியவில்லை, ஏனென்றால் அதற்குள் அன்பு மைக்கில் எல்லோரையும் இடத்துக்குக் கூப்பிட்டுவிட்டான். காவேரி தன் வரிசைக்குப் போய் நின்றாள். நான் அவள் பின்னாலேயே போனேன்.

எட்டாவது டேக். தண்ணீர் ஊற்றினார்கள். மலைக்காரர்கள் அதேபோல் பேச்சு மூச்சில்லாமல் நின்றார்கள். காமிராக்காரர்கள்கூட என்னவோ அடங்கிப்போய்விட்டார்கள். சென்னையிலிருந்து வந்த அந்த ஆடு, யாரும் எதுவும் செய்யாமலேயே, தலையிலிருந்து வால் வரை ஒரு முறை நன்றாகச் சிலுப்பியது.

பாட்டைப் போட்டார்கள். கும்பலில் ஒருவரும் ஆடவில்லை. ஆண்கள் தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்கள். காவேரி கீழே உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, சத்தமாக, ஒன்பது வயதுப் பிள்ளை அழுகிற மாதிரி அழுதாள். “மொட்டையா” என்று ஒரு தடவை கூப்பிட்டாள்.

சுசித்ரா கட் சொன்னாள். ஷாட் பிரமாதம், ஆனால் அழுகிற அக்காவைச் சிரிக்கச் சொல்லி இன்னொரு டேக் போகலாம் என்றாள். பிறகு என்னைக் கவனித்து, “அங்கிள், ஃப்ரேம்ல நிக்கிறீங்க, கொஞ்சம் நகருங்க” என்று மைக்கில் சொன்னாள். மரியாதையாகத்தான் சொன்னாள், இரண்டு முறை.

நான் நகரவில்லை. காவேரி அழுது முடிக்கும்வரை அவள் பக்கத்திலேயே நின்றேன்.