கடைசி ரீல் வராத படம்

பாம்பனுக்கு அந்த ஆனி மாதம் வந்த சினிமாப் படத்துக்கு முடிவு வந்து சேரவில்லை. மற்ற ரீல் பெட்டிகளெல்லாம் முன்கூட்டியே வந்துவிட்டன. கடைசிப் பெட்டி மட்டும் பிந்தி ரயிலேறி, கடலுக்கு அக்கரையில் மண்டபம் ஸ்டேஷனோடு நின்றுவிட்டது. மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று பேயாட்டம் ஆடிக்கொண்டிருந்தது. காற்று மிஞ்சினால் பாலத்தின் மேல் ரயிலை விடமாட்டார்கள். டூரிங் கொட்டகை முஹைதீன் இருக்கிற ரீல்களை வைத்தே படத்தை ஓட்டினார். "முடிவு நாளைக்கு வந்துரும், இதே டிக்கட்டுல பாத்துக்கிரலாம்" என்று தினமும் சத்தியம் செய்தார். காற்று அடங்குவதற்குள் படம் தீவுக்குள்ளேயே அடுத்த ஊருக்குப் போகவேண்டிய நாள் வந்தது. போய்விட்டது.

அது ஒரு மாற்றாந்தாய் கதை. தாயில்லாப் பெண்ணுக்குப் புளித்துப்போன சோற்றைப் போட்டு, கரண்டியைக் காய்ச்சிச் சூடு வைத்து, ஒருத்தி ஆடாத ஆட்டமெல்லாம் ஆடுவாள். பழுத்த கரண்டியோடு அவள் அந்தப் பெண்ணைத் துரத்துகிற இடத்தில் திரை வெள்ளையாகிவிட்டது. அவளைத் தண்டிக்கவும் ஆளில்லை, அவள் திருந்தவும் வழியில்லை. பாம்பன் பெண்களுக்கு அத்தனை ஆத்திரத்தையும் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தார்கள். கைக்கெட்டிய தூரத்தில் ஒரு மாற்றாந்தாய் இருந்தாள்.

அவள்தான் யாகப்பம்மாள், ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற அற்புதத்தின் சின்னம்மா. அற்புதத்தின் அம்மா காய்ச்சலில் போன பிறகு, அய்யா செபஸ்தியான் ஓலைக்குடாவிலிருந்து கட்டிக்கொண்டு வந்தவள். கைவேலையில் சுத்தம், வாய் மட்டும் கொஞ்சம் அதிகம். காலையில் எழுந்ததும் அற்புதத்தைத் திட்ட ஆரம்பித்தால், பிள்ளை பள்ளிக்கூடத் தெருவைத் தாண்டும் வரைக்கும் அந்தச் சத்தம் கூடவே வரும். தலையைச் சீவாவிட்டால் ஒரு குட்டு, சோற்றை மிச்சம் வைத்தால் ஒரு குட்டு. ராத்திரி இரண்டு பேரும் ஒரே பாயில் படுத்து ஊர்க்கதை பேசிச் சிரிப்பார்கள். அற்புதத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

படம் வந்து எல்லாவற்றையும் கெடுத்தது. அடுத்த வீட்டுச் சந்தியாகம்மாள் தீக்குச்சி கேட்கிற சாக்கில் வந்து மீன் சட்டியைத் திறந்து பார்த்தாள். "பிள்ளைக்குத் தலை மட்டுந்தானா? சதை யாருக்கு?" என்றாள். தெருவில் போகிற பெண்கள் அற்புதத்தை நிறுத்திக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள், சூட்டுத் தழும்பு இருக்கிறதா என்று. எண்ணெய்ச் சட்டி தெறித்த ஒரு பழைய புள்ளி அகப்பட்டது. அது சாயங்காலத்துக்குள் கரண்டி அகலத்துக்கு வளர்ந்துவிட்டது.

அந்தப் பேச்சு யாகப்பம்மாள் காதுக்கும் வந்தது. அன்றிலிருந்து அவள் திட்ட வாயைத் திறக்கவில்லை. "வாம்மா, சாப்பிடும்மா" என்றாள். நடுத்துண்டு மீன் முழுக்க அற்புதத்தின் தட்டுக்கு வந்தது. ஒரு வேலை சொல்லமாட்டாள், பாத்திரத்தைத் தொடவிடமாட்டாள். அற்புதம் சொந்த வீட்டில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்து தின்றாள். ஒருநாள் சின்னம்மா அய்யாவிடம் முணுமுணுத்தது அவள் காதில் விழுந்தது.

"எனக்கு ஏலல. நான் ஓலைக்குடாவுக்கே போயிருதேன். நாளைக்கு இந்தப் பிள்ளைக்கு ஒரு தலைவலின்னாலும் ஊரு என்னையத்தான் கேக்கும்."

அய்யா வலையைப் பார்த்துக்கொண்டு இருமினார். சங்கடம் வந்தால் அவர் இருமுவார், அவ்வளவுதான். அற்புதத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சின்னம்மா போய்விட்டால் வீட்டில் ஒரு குரலும் இருக்காது.

இந்தச் சமயத்தில்தான் பூமிநாதன் சாருக்கு ஒரு யோசனை உதித்தது. சார் கமுதிக்காரர், பள்ளிக்கூடத்துக்குப் புதுசு, பாடப் புத்தகத்தை மூடிவைப்பதற்குச் சாக்குத் தேடுகிறவர். வகுப்பே படத்தைப் பற்றிக் குசுகுசுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, "சரி, வாயை விட்டுப் பேசுங்க. அந்தப் பாத்திரங்களைப் பத்தி உங்க அபிப்பிராயம் என்ன? கடைசியில என்ன ஆகியிருக்கும்?" என்றார்.

வேதநாயகம் முந்திக்கொண்டு எழுந்தான். "அந்தப் பொம்பளைய வலையில சுத்தி, கல்லைக் கட்டி, கடல்ல எறக்கிரணும் சார்."

"எறக்கியிருப்பாங்களா, எறக்கணுமா?"

"எறக்கணும் சார். எங்க வள்ளத்தையே தாரேன்."

கனி என்கிற பெண் இன்னும் நிதானமாக யோசித்து வைத்திருந்தாள். அவளுடைய முடிவில் மாற்றாந்தாய்க்குக் கண் போய்விடும், கை கால் விழுந்துவிடும், தண்ணீர் கேட்டால் யாரும் கொடுக்கமாட்டார்கள். இன்னொருவன் தன் முடிவில் சுறாவைக் கொண்டுவந்தான். சார் அசந்துபோய்விட்டார். இத்தனை சாந்தமான பிள்ளைகளுக்குள் இத்தனை கொலை இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை.

"அந்த அப்பாவைப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லலையே?"

"அவரு நல்லவரு சார்" என்றான் வேதநாயகம். "பாவம், அவருக்கு ஒண்ணும் தெரியாது."

"ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு ஒண்ணும் தெரியலன்னா அவரு என்ன நல்லவரு?" என்று கேட்டுவிட்டாள் அற்புதம். வகுப்பு கொல்லென்று சிரித்தது. சார் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாணவர் மன்றத்தில் அந்த முடிவை இவர்களே நடிப்பது என்று தீர்மானமாயிற்று. சார் ஒரு காட்சி எழுதினார். மாற்றாந்தாய் நோயில் விழுகிறாள், மகளின் காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்கிறாள், சாகிறாள். அப்பாவாக வேதநாயகம், மகளாகக் கனி. மாற்றாந்தாயாக நடிக்க ஒருத்தியும் முன்வரவில்லை. அந்த வேஷம் போட்டுவிட்டுப் பாம்பனில் குடியிருக்க முடியுமா? அற்புதம் கையைத் தூக்கினாள்.

"நீ மகளா நடியேன்மா" என்றார் சார். அவள் வீட்டு விஷயம் அவர் காதுக்கும் வந்திருந்தது.

"இல்ல சார். எனக்கு இதுதான் வரும்."

பள்ளிக்கூடத்தில் முடிவைக் காட்டப்போகிறார்கள் என்ற செய்தி ஊருக்குள் போனபோது, கடைசி ரீல் வந்துவிட்டது என்றே பெண்கள் எடுத்துக்கொண்டார்கள். பின்னே, முடிவு வேறு எங்கிருந்து வரும்? வெள்ளிக்கிழமை மத்தியானம் கருவாட்டுப் பெட்டியை இறக்கிவைத்துவிட்டுப் பள்ளிக்கூட மரத்தடியில் கூட்டமாக வந்து உட்கார்ந்துவிட்டார்கள். திரையைக் காணோமே என்று முஹைதீனைத் தேடினார்கள். முஹைதீனும் என்ன நடக்கிறதென்று பார்க்கத்தான் வந்திருந்தார். பிள்ளைகள் நடிப்பார்கள் என்று சார் எழுந்து சொன்னதும் முணுமுணுத்தார்கள், ஆனால் யாரும் எழுந்து போகவில்லை. கூட்டத்தின் கடைசியில் யாகப்பம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்தியபடி நின்றாள். வராமல் இருந்தால் அதற்கும் பேசுவார்களே என்று வந்திருந்தாள்.

வேதநாயகம் அடுப்புக்கரி மீசையோடு வந்து வசனம் சொன்னான். கனி மூக்கை உறிஞ்சி அழுதாள். அற்புதம் சேலை கட்டிக்கொண்டு நோயாளியாகப் பாயில் படுத்திருந்தாள். இனி அவள் கனியின் காலில் விழவேண்டும். அவள் எழுந்தாள், சேலையை இழுத்துச் செருகினாள், கையை இடுப்பில் வைத்தாள்.

"ஏண்டி, இங்கன உக்காந்து மூக்கைச் சிந்திக்கிட்டு இருக்க? தலையைப் பாரு தலையை, காகம் வந்து குடியிருந்துரும். உக்காருடி."

கனி திகைத்துப்போய் உட்கார்ந்தாள். சார் எழுதியதில் இது இல்லை. அற்புதம் அவளைக் காலிடுக்கில் அமுக்கிக்கொண்டு பின்னலை இழுத்த இழுப்பில் அவளுக்கு நிஜமாகவே கண்ணீர் வந்தது.

"அசையாத. சோத்தத் தின்னியா? முள்ளுப் பாத்துத் தின்னு, தொண்டையில சிக்கினா நடுச்சாமத்துல ஒன்னையத் தூக்கிக்கிட்டு எவ ஓடுறது? நாந்தான் ஓடணும். நண்டுக் கால் ரெண்டு எடுத்து ஒளிச்சு வச்சிருக்கேன், ஒங்க அய்யாகிட்டச் சொன்ன, கொன்னுபுடுவேன்."

எங்கோ ஒரு மூலையில் சிரிப்பு கிளம்பி மரத்தடி முழுக்கப் பரவியது. வேதநாயகத்துக்கு அவனுடைய வசனம் மறந்துவிட்டது. கரிமீசையைத் துடைத்துக்கொண்டே சாரைப் பார்த்துச் சொன்னான்:

"சார், இது மாத்தாந்தாய் இல்ல சார். இது எங்கம்மா."

"எங்கம்மாவுந்தான்" என்றான் சுறாவைக் கொண்டுவந்தவன். சந்தியாகம்மாளின் மகள் தன் அம்மாவைத் திரும்பிப் பார்த்த பார்வைக்கு, சந்தியாகம்மாள் வேறுபக்கம் திரும்பிக்கொள்ள வேண்டியதாயிற்று.

அற்புதம் கூட்டத்தின் கடைசியில் நின்ற சின்னம்மாவைத் தேடினாள். அந்த இடம் காலியாக இருந்தது. ஊர் முன்னால் சின்னம்மாவைக் கேலிசெய்துவிட்டோம், இனி அவள் நிச்சயம் போய்விடுவாள் என்று நினைத்துக்கொண்டு, கட்டிய சேலையோடு மணலில் விழுந்தடித்து வீட்டுக்கு ஓடினாள்.

யாகப்பம்மாள் அடுப்பங்கரைச் சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"ஒரு மாசமா நடுங்கிக்கிட்டே ஒனக்குச் சோறு போடுறேன்டி" என்றாள். "ஒன்னைய ஏசுனா ஊரு ஏசுது. ஏசாம இருந்தா நீ யாரோ எவரோன்னு இருக்கு. பயந்துக்கிட்டுப் பிள்ளை வளக்க முடியுமா?"

"அப்ப ஏசியே என்னைய வளத்துரு."

யாகப்பம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"யாரு சேலைடி இது?"

சின்னம்மா கோயிலுக்குக் கட்டிப்போகப் பெட்டியில் வைத்திருந்த சேலை அது. கேட்காமல் எடுத்தது. கீழோரம் முழுக்க மணலும் கிழிசலுமாக இருந்தது.

குட்டு நச்சென்று விழுந்தது. பிறகு ஒரு மாதத்து ஏச்சு மொத்தமாகக் கிளம்பியது. சேலையில் ஆரம்பித்து, இடுப்பில் கைவைத்த திமிருக்குப் போய், சீவாத தலை, படிக்காத பாடம் என்று வரிசையாக வந்தது. வாசலில் சந்தியாகம்மாளின் தலை எட்டிப் பார்த்தது. யாகப்பம்மாள் அவளைப் பார்த்தும் குரலைக் குறைக்கவில்லை.

"என்ன, தீக்குச்சியா? அங்கன இருக்கு, எடுத்துக்கிட்டுப் போ. நான் எம்பிள்ளைய ஏசிக்கிட்டு இருக்கேன்."

சந்தியாகம்மாள் தீக்குச்சியை எடுக்காமலே போனாள். அற்புதத்துக்கு உச்சந்தலை விண்ணென்று வலித்தது. அவள் தலையைத் தேய்த்துக்கொண்டே ஊசியும் நூலும் எடுத்துவந்து சின்னம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தையலை நெருக்கிப் போடுடி" என்றாள் யாகப்பம்மாள்.