தீர்ப்புக்கு முந்தின நாள் அடித்த மஞ்சள்

“ரெண்டாவது கோட்டும் இன்னைக்கே அடிச்சிரலாமா?” என்று பெயிண்ட் பிரஷும் கையுமாகக் கணவன் கேட்டதும் அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அவன் ஜனாதிபதியின் கார் ஓட்டுநர். அவள் உச்ச நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தர். மாளிகைத் தோட்டத்து ஓரத்தில் இருந்த இந்த வீடு அவன் வேலையோடு வந்தது. ஜனாதிபதி மாறினால் ஓட்டுநரும் மாறுவார், வீடும் போய்விடும். ஆனால் ஜனாதிபதி தேர்தலைத் தள்ளிவைத்து, தன் பதவிக்காலத்தைத் தானே நீட்டி ஆணை போட்டிருந்தார். இனி கவலையில்லை என்று மகளின் அறைக்கு மஞ்சள் அடிக்கத் தொடங்கிவிட்டான் இவன்.

அந்த ஆணை செல்லாது என்ற தீர்ப்பை அன்று மதியம் தட்டச்சு செய்தவள் அவள்தான். ‘அதிகாரத்தைச் செலுத்தும் கையே அதன் எல்லையையும் வரைய முடியாது’ என்று நீதிபதி சொல்லச் சொல்ல அடித்தாள். மறுநாள் காலைதான் வாசிப்பார்கள். அதுவரை யாரிடமும் மூச்சு விடக்கூடாது.

“என்ன பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? கலர் பிடிக்கலையா?”

கல்யாணமான நாளிலிருந்து கோர்ட் பேச்சை அவன் கேட்டதில்லை, கார் பேச்சை அவள் கேட்டதில்லை. ஆனாலும் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மிச்சத்தை அவள் முகத்திலேயே படித்துவிடுவான்.

“பிடிச்சிருக்குங்க.” முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு இன்னொரு பிரஷை எடுத்தாள். ஜன்னலோரச் சுவர் முழுவதையும் அவளே அடித்தாள். கண் கலங்கியதற்குப் பெயிண்ட் நெடி என்று சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் மாலை அவள் வீடு திரும்பியபோது, யூனிஃபார்மைக்கூடக் கழற்றாமல் அந்த அறையில் உட்கார்ந்திருந்தான்.

“நேத்தே தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா என்கூட நின்னு அடிச்ச?”

“அடிக்காதீங்கன்னு சொல்லியிருந்தா, தீர்ப்பையே சொன்ன மாதிரிதானே.”

அவன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபம் வரட்டும் என்று அவள் காத்திருந்தாள்.

“நானா இருந்தா உளறியிருப்பேன்,” என்றான் மெதுவாக. “காருக்குள்ள ரேடியோலதான் கேட்டோம். கேட்டதும் ஐயா...” சட்டென்று நிறுத்தினான்.

“அது கார் பேச்சு,” என்றாள். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் ஈரத் துணியால் அவன் காதோரத்தில் ஒட்டியிருந்த மஞ்சள் பொட்டைத் துடைத்துவிட்டாள்.

ஜன்னலுக்கு வெளியே ஜனாதிபதி தனியாக நடந்துகொண்டிருந்தார். காவலர் யாரும் கூட இல்லை.

“இந்த நேரத்துல நடக்க மாட்டாரே,” என்று எழுந்தான். “இன்னும் நான்தானே டிரைவர்.”

தொப்பியை எடுத்துக்கொண்டு போனான். சற்றுத் தள்ளி நின்றான். அவர் திரும்பிப் பார்த்தார். பிறகு இருவரும் புல்வெளி ஓரமாக நடந்தார்கள், ஒரே பாதையில், அவர் போகும் வேகத்தில்.