வாசலோடு நின்ற புகை

தீயணைப்பு வீரன் பாக்யராஜின் கோட்டிலிருந்து தினமும் மாலை ஆறு மணிக்கு அவன் மனைவி லில்லி புகையாக வெளியே வருவாள். அவள் இறந்து மூன்று வருடமாகிறது. ஆம்புலன்ஸ் நர்ஸ். அரியூர்ப் பக்கம் மெத்தை குடோன் எரிந்த அன்று மயங்கியவர்களைத் தூக்கி வந்தவள், நடுவில் ஒரு நிமிடம் அவன் கோட்டில் முகம் புதைத்து இருமினாள். அடுத்த வருடம் நுரையீரல் நோயில் போய்விட்டாள். அவள் முகம் புதைத்த நாளிலிருந்தே அந்தக் கோட்டை அவன் துவைக்கவில்லை. புகையால் வேகமாக வரமுடியாது என்பதால் பாகூர் ஏரிக்கரை நெடுக பைக்கை உருட்டிக்கொண்டே நடப்பான். எதிரே வருகிறவர்கள் இருவருக்கும் வழிவிடுவார்கள். வீட்டு வாசல் வந்ததும் புகை நின்றுவிடும். கெஞ்சினாலும் உள்ளே வராது.

அவன் வேலை பார்க்கும் தீயணைப்பு நிலையத்துக்கு சுவேதா என்ற டாக்டர் ஓர் ஆராய்ச்சியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கரி தோல் வழியாக உடம்புக்குள் போகும், தீயை அணைத்த ஒரு மணி நேரத்துக்குள் குளிக்க வேண்டும், கோட்டைத் துவைக்க வேண்டும் என்றது ஆராய்ச்சி. வீரர்கள் கேட்டுவிட்டு டீ குடித்தார்கள். கரி படியாத கோட்டுக்காரன் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தவன் என்பது அவர்கள் கணக்கு. எட்டு மாதம் சுவரில் நோட்டீஸ் ஒட்டி ஓய்ந்த டாக்டர், ஒருநாள் எரிச்சலில் கேட்டார்: "சாவு வூட்டுக்குப் போயிட்டு வந்தா இன்னா பண்ணுவீங்க?"

"குளிச்சிட்டுதான் உள்ள போவோம்."

"எரிஞ்ச வூடும் அப்படித்தாங்க!"

மறுநாளே நிலையத்துக் குழாயடியில் வரிசை நின்றது. எட்டு மாதம் நடக்காதது ஒரே வாரத்தில் நடந்தது.

பாக்யராஜ் மட்டும் அசையவில்லை. மூச்சின் பலத்தை அளக்கும் டாக்டரின் கருவியில் அவன் ஊதியபோது முள் பாதிகூட ஏறவில்லை.

"இப்படியே போனா உங்க நெஞ்சு தாங்காதுண்ணா," என்றார் டாக்டர்.

"தொவைச்சா அவ போயிடுவா மேடம். அப்புறம் எனக்கு யாரு?"

மணி ஆறாகிக் கோட்டிலிருந்து எழுந்த புகையை டாக்டர் ஏற இறங்கப் பார்த்தார். அது வாசலோடு நின்றுவிடுவது ஊருக்கே தெரியும். "வாசல் வரைக்கும் வர்றவங்க, உள்ள மட்டும் ஏன் வரல?"

அந்தக் கேள்வி அவனை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. ஒரு பிணத்தை ஏற்றி இறக்கிய நாளில், பின்கட்டுக் குழாயில் தலைக்கு ஊற்றிக்கொள்ளாமல் லில்லி வீட்டுக்குள் கால் வைத்ததே கிடையாது. காய்ச்சலிலும் அப்படித்தான். இரண்டாம் இரவுதான் இது அவன் நினைவுக்கு வந்தது.

மூன்றாம் நாள் கோட்டைத் தூக்கிக்கொண்டு போய் நிலையத்துக் குழாயடியில் போட்டான். கறுப்புத் தண்ணீர் ஓடி ஓடிக் கடைசியில் தெளிந்தது. ஆறு மணிக்கு எதுவும் எழவில்லை. ஏரிக்கரை முழுக்க அழுதுகொண்டே பைக்கை உருட்டினான், இனி ஓட்டியே போகலாம் என்பதுகூடத் தோன்றாமல்.

வீட்டுப் பூட்டைத் திறந்தான். பின்கட்டுக் குழாயிலிருந்து அடுக்களை வரை ஈரக் காலடிகள் போயிருந்தன, சின்னச் சின்னதாய்.

மறுநாள் பாகூர் கடைத்தெருவில் ஒரு கால்மிதி வாங்கி வந்து பின்வாசலில் போட்டான்.