மின்ஹோ என்கிற கொரியாக்காரன்

சம்பளம் இல்லாமல் ஒருத்தி வேலை செய்கிறாள் என்றால் அதற்குள் ஏதோ இருக்கிறது. அரியரத்தினம் அப்படித்தான் நினைத்தார். மகள் சுதாஜினி கிழமை முழுக்க கோட்-டெ-நெய்ஜ் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தூக்கி இறக்குவாள். சனிக்கிழமை பின்னேரமானால் கொம்பியூட்டருக்கு முன்னால் குந்திவிடுவாள். உலகத்தின் மூலை முடுக்கெல்லாம் இருக்கிறவர்கள் இணையத்தில் சேர்ந்து விளையாடுகிற சண்டைப் போட்டி. கம்பனி எதுவும் நடத்துவதில்லை, விளையாடுகிறவர்களே நடத்துவது. நடுவர்களில் இவளும் ஒருத்தி.

"ஆர் இதுக்குப் பின்னாலை நிக்கிறது?"

"ஒருத்தரும் இல்லை, அப்பா."

"ஒருத்தரும் நிக்காமல் ஒண்டும் நடக்காது, பிள்ளை."

ஊரில் சண்டை பிடிக்கிற இயக்கத்தைக் கனடா தடை செய்த வருசம் அது. வீட்டுத் தொலைபேசியைப் பொலிஸ் ஒட்டுக் கேட்கிறது என்று அவர் சத்தியமே பண்ணுவார். அந்த வீட்டுக்குள் இருந்துகொண்டு இவள் தளம், தாக்குதல், படை என்று மைக்கில் கத்தினால் கேட்கிறவன் என்ன நினைப்பான்?

எல்லாரையும்விட அவருக்குப் பிடிக்காதவன் மின்ஹோ. கொரியாக்காரனாம். இந்த வருசப் போட்டியில் ஒருவரிடமும் தோற்காமல் இறுதிக்கு வந்துவிட்டான்.

"கொரியாவிலை இதை மண்டபம் நிரம்ப இருந்து பாக்கினம், அப்பா. ரீவியிலை போடுறாங்கள். வெண்டவனுக்குப் பெட்டையள் பூச்செண்டு குடுக்கிறாளவை. அப்பிடி ஒரு இடத்திலையிருந்து ஒருத்தன் எங்கடை போட்டிக்கு வாறதே பெரிய விசயம்."

"அவ்வளவு பெரிய இடத்துக்காரனுக்கு உன்னட்டை என்ன அலுவல்?"

சுதாஜினி கொம்பியூட்டர் பக்கம் திரும்பிவிட்டாள். அதுவே அவருக்குப் போதுமாக இருந்தது.

இறுதிப் போட்டி நடந்த பின்னேரம் அரியரத்தினம் கதவடியில் நின்று காது கொடுத்தார். இங்கே சனி பின்னேரம், அங்கே ஞாயிறு காலை. எதிராளி லுக் என்கிற, இந்தக் கெபெக் மாகாணத்துப் பெடியன். ஆளுக்கொரு ஆட்டம் வென்றாயிற்று. மூன்றாவதுதான் முடிவு. இடைவேளையில் சுதாஜினி ஆட்டக்காரரோடு தனித்தனியே ஸ்கைப்பில் பேசினாள். காதில் மாட்டுகிற சாமான் பழுதாகிக் கிடந்ததால் மின்ஹோவின் குரல் ஸ்பீக்கரில் வந்தது. எண்ணி எண்ணிப் பேசுகிற இங்கிலீசு.

"ரெடியா?" என்று இவள் இங்கிலீசில் கேட்டாள்.

அவன் "ச்சு" என்று நாக்கை அடித்தான். இன்னும் இல்லையாம்.

அரியரத்தினத்துக்கு முதுகு நிமிர்ந்தது. இல்லை என்பதற்கு இப்படி நாக்கடிக்கிற சனம் எது என்று அவருக்குத் தெரியாதா? சுதாஜினி தேத்தண்ணி எடுக்கக் குசினிக்குப் போன கையோடு, அவள் கதிரையில் போய் இருந்தார்.

"டேய் தம்பி, நீ எந்த ஊர்?"

மறுபக்கத்திலிருந்து மெல்லிய தமிழில், "ஆர் நீங்கள்?"

"கேள்வி கேக்கிறது நான். கொரியாக்காரன் எண்டு ஏன்ரா சனத்தை ஏய்க்கிறாய்? ஆர் உன்னை அனுப்பினது?"

டக்கென்று தொடர்பு அறுந்தது.

சுதாஜினி கோப்பையோடு வந்தபோது மின்ஹோவின் பெயர் திரையில் அணைந்திருந்தது.

"உன்ரை கொரியன் தமிழனடி! நான் கண்டுபிடிச்சிட்டன்."

"எனக்குத் தெரியும்," என்றாள் அவள். கோப்பையை மேசையில் வைத்தாள். "நடுவர்மார் எல்லாருக்கும் தெரியும். அங்கை தொழிற்சாலையிலை வேலை செய்யிற பெடியன். விசா முடிஞ்சுபோச்சு. அந்த நாட்டு அடையாள எண் இல்லாமல் விளையாட்டுக்குப் பேர் பதிய ஏலாது. கூட வேலை செய்யிற மின்ஹோ தன்ரை பேரைக் குடுத்தவன். நாங்கள் கதைச்சு, விளையாடட்டும் எண்டு விட்டனாங்கள்."

"அவன்ரை சொந்தப் பேர் என்ன?"

"உங்களுக்குச் சொல்ல மாட்டன்."

அடி வாங்கியதுபோல இருந்தது அவருக்கு. அவள் அவரைப் பார்க்கவே இல்லை, மின்ஹோவுக்குப் படபடவென்று தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். பதில் இல்லை.

"பத்து நிமிசத்திலை வராட்டி தோல்வி. அதைவிட, பிடிக்க வந்திட்டாங்கள் எண்டு நினைச்சிருப்பான். இனி இந்தப் பக்கமே வரமாட்டான். ஒரு வருசமா ஞாயிறு ஞாயிறு இதுக்காகவே இருந்தவன், அப்பா."

மறுபடி மறுபடி அழைப்பு எடுத்தாள். நாலாவது தடவை அவன் எடுத்தான். சுதாஜினி கதிரையை விட்டு எழும்பி, கையால் காட்டினாள். நீங்களே கதையுங்கோ என்று அர்த்தம்.

"தம்பி... நான் சுதாவின்ரை அப்பன்."

"அப்பிடித்தான் சொல்லுவினம்."

"பொலிஸ் இல்லையடா. எம்பசியும் இல்லை. ஜான்-டலோன் சந்தையிலை மரக்கறிப் பெட்டி தூக்கினவன்."

"அதை நான் என்னெண்டு நம்புறது, ஐயா?"

அவன் இடத்தில் இருந்தால் அவரும் நம்பியிருக்க மாட்டார். எதைச் சொன்னாலும் பொய் போலத்தான் கேட்கும். மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் நகத்தைக் கடித்துக்கொண்டு மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றாள்.

"நம்பாதை," என்றார் எரிச்சலோடு. "நானும் உன்னை நம்பேல்லை. நீ என்னை நம்ப வேண்டாம். இவள் இவ்வளவு நாளும் உன்ரை பேரைப் பெத்த அப்பனுக்கே சொல்லேல்லை, இப்பவும் சொல்லமாட்டாளாம். அவளை நம்பு. போய் விளையாடு."

அந்தப் பக்கம் ஏதோ மெசின் இரையும் சத்தம் கேட்டது. பிறகு அழைப்பு நின்றது.

சுதாஜினி திரும்ப வந்து கதிரையில் இருந்தாள். சற்று நேரத்தில் மின்ஹோ என்ற பெயர் திரையில் பச்சையாகியது. மூன்றாவது ஆட்டம் தொடங்கியது. எறும்பு மாதிரி ஏதோ குட்டிக் குட்டியாக ஓடின.

அரியரத்தினம் குசினியிலிருந்து ஒரு ஸ்டூலை இழுத்துவந்து பக்கத்தில் போட்டார்.

"இதிலை எது எங்கடை பெடியன்ரை?"

"நீலம்."

"சரி, அந்தச் சிவப்பு... லுக் எண்டவன். அவன் ஆரெண்டு நல்லா விசாரிச்சனியோ?"

"அப்பா, வாயை மூடிக்கொண்டு பாருங்கோ."