ஆரிஃபின் காய்ச்சல்

ரங்கூனிலிருந்து தம்பி யூனுஸின் கடிதம் வந்தாலே சாஜிதா பேகத்துக்கு எரிச்சல் வந்துவிடும். அவள் கல்யாணமாகிக் கோயமுத்தூர் கோட்டைமேட்டுக்கு வந்த நாளிலிருந்து இருவரும் எழுதிக்கொள்கிறார்கள். பர்மாவில் ராணுவம் கல்லூரிகளைப் பூட்டிய பிறகு அவன் எழுதுவதெல்லாம் மழையும் மாங்காயும்தான். உறையில் யாரோ பிரித்து ஒட்டிய பசை வேறு.

"ஏனுங்க, உன் மகன் ஆரிஃப் எப்படி இருக்கான்னு இவனைக் கேட்டா, மாங்கா புளிக்குதுன்னு எழுதறான் பாருங்க. இவனுக்கென்ன கேடு?"

"அங்க நெலமை அப்படி. நீ சும்மா இரு," என்றார் கணவர் காதர்.

சும்மா இருக்க அவளால் ஆகாது. ஊர்வலம் போன மாணவர்களைப் பிடித்துவிட்டார்கள் என்று ரேடியோவில் கேட்டதும் எழுதிப் போட்டாள்: 'ஆரிஃபையும் பிடித்துவிட்டார்களா? அந்த ராணுவக்காரர்கள் விளங்குவார்களா? ஒளிக்காமல் எழுது.'

பதில் இல்லை. நோன்புப் பெருநாளுக்குக்கூட இல்லை. தம்பியைத் திட்டாமல் அவள் ஒரு வேளை சோறு தின்னவில்லை.

சிங்காநல்லூரில் ஒரு கல்யாணத்துக்கு ரங்கூனிலிருந்து வந்திருந்த சாயிரா பானு அவளைத் தேடி வந்தாள். யூனுஸுக்குப் பக்கத்து வீட்டுக்காரி.

"அக்கா, ஆரிஃபை முன்னாடியே புடிச்சுட்டாங்க. உங்க கடுதாசியப் படிச்சுட்டு உங்க தம்பியவும் கூட்டிட்டுப் போயி விசாரிச்சாங்க. வீடு திரும்பறதுக்குள்ள பாதி ஆளாயிட்டார்."

"கூறுகெட்டவன், எனக்கு முன்னமே ஒரு வார்த்தை..." என்று ஆரம்பித்த சாஜிதா, யாரைத் திட்டுவது என்று தெரியாமல் நிறுத்திக்கொண்டாள்.

"இனிமே எதுவும் கேக்க வேண்டாமாம். ஆரிஃபுக்குக் காய்ச்சல்னு எழுதுவாராம். அதை மட்டும் விசாரிங்க."

விசாரித்தாள். 'காய்ச்சல் இறங்கவில்லை' என்று பதில் வந்தது. அடுத்ததிலும் அதே வரி.

"இறங்கலைங்கறான்! அடிக்கிறாங்களா, சோறு போடறாங்களா, பாக்க உடறாங்களா? காய்ச்சலை வெச்சு இத்தனையும் நான் எப்படிக் கேக்கறதுங்க?"

"கஞ்சி குடிக்கிறானான்னு கேளு," என்றார் காதர்.

அவரை முறைத்தாள். பிறகு அதையே எழுதினாள். 'குடிக்கிறான். நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்' என்று பதில் வந்தபோது, கதவோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பார்க்கவாவது விடுகிறார்கள்.

மறுவருஷம் ஒரு கடிதம் வந்தது. 'காய்ச்சல் விட்டது. வீட்டில்தான் இருக்கிறான். பேச்சுத்தான் குறைந்துவிட்டது.' அடியில் ஆரிஃபின் கையெழுத்தில், 'மாமி, சலாம்.'

"பாருங்க, ரெண்டே வார்த்தை! காலேஜ்ல படிச்ச பையன்!" என்று கத்தினாள். கண்ணீர் மூக்கோரமாக வழிந்தது.

"ஊடு வந்து சேந்துட்டானே," என்றார் காதர்.

அவனை என்ன செய்தார்கள் என்று கேட்க முடியாது. இங்கே வந்துவிடு என்று எழுதவும் பயம். உக்கடத்துக் குளம் நிரம்பியதையும், காதர் புதுச் செருப்பைப் பள்ளிவாசலில் தொலைத்துவிட்டு வந்ததையும் ஆரிஃபுக்கே பக்கம் பக்கமாக எழுதினாள். 'உன் அத்தாவை நம்பிப் பிரயோசனமில்லை. இனி நீயே எழுது. எதையாவது எழுது. ஒரு பக்கத்துக்குக் குறைந்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும்' என்று முடித்து, தானே போய்த் தபாலில் போட்டுவிட்டு வந்தாள்.